மூணுன்னு சொன்னேன்

எங்க வீட்டு வடிவுக்கு அறுபது வயசுல பனியாத்து மேல நடக்கணும்னு ஆசை வந்துச்சு. அவ வயசுப் பொம்பளைக எல்லாம் காசி, ராமேஸ்வரம்னு பொட்டியக் கட்டுதாவோ. இவ என்னடான்னா முதுகுல பைய மாட்டிக்கிட்டு லடாக்குல நாலு நாள் நடக்கணும்ங்கா.

"ஏட்டி, மாடிப்படி ஏறயில பத்து தடவ முருகா முருகாங்குத. நீ இமயமலை ஏறப் போறியாக்கும்?"னு கேட்டேன்.

"முருகனும் மலைமேலதான இருக்கான்"னுட்டா. வாய்க்கு மட்டும் கொறச்சலே கிடையாது.

பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல முப்பத்தோரு வருஷம் புவியியல் டீச்சரா இருந்தவ. வருஷா வருஷம் எட்டாங்கிளாஸ் புள்ளைகளுக்குப் போர்டுல சாக்பீஸால பனியாறு வரைவா. இது பனி பிறக்குற இடம், இது ஊர்ந்து வர்ற பாதை, இது உருகித் தண்ணியாகுற வாய். எல்லா வருஷமும் எவளாவது ஒருத்தி எந்திரிச்சு, "டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?"ன்னு கேப்பாளாம். "இல்லட்டி, உக்காரு"ன்னு சொல்லிட்டு வருவா. வெயில்ல வெந்து கிடக்குற எங்க ஊருல அவ பாத்த ஐசு நன்னாரி சர்பத்துல மிதக்குறதுதான். ரிட்டயர் ஆன அன்னைக்குச் சாயங்காலம், மாலை வாடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட கேட்டா. அந்தப் பனி பிறக்குற இடத்த ஒரே ஒரு தடவ பாக்கணும், கூட்டிட்டுப் போங்கன்னு.

என்னையும் சொல்லணும். நான் ஆறுமுகநயினார். முப்பது வருஷம் லைன்மேன். ஒருக்கா கம்பத்துல இருந்து விழுந்து மூணு விலா எலும்பு முறிஞ்சுட்டு. அப்படியே சைக்கிள மிதிச்சு வீட்டுக்கு வந்து, ரசஞ்சோறு தின்னுட்டு, கைகழுவிட்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இத எத்தன கல்யாண வீட்டுல பெருமையடிச்சிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. எவனாவது "ஒடம்பு எப்படிண்ணே?"ன்னு கேட்டா, "எனக்கென்னடே, கல்லு மாதிரி இருக்கேன்"னுதான் வரும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச பொறவும் அதேதான் சொன்னேன். இப்ப சொல்லப் போற சங்கதி முழுசும் அந்தப் பாழாப்போன பெருமையில வந்த வினை.

வடிவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போயிருந்துச்சு. பழைய காலமா இருந்தா ஆசைய மூட்ட கட்டி வச்சிருப்பா. இப்பத்தான் அந்தப் பட்டை வந்துட்டே. நடக்குறவங்க கழுத்துல ஒண்ணு, அடிவாரத்துல படுத்திருக்குற இன்னொருத்தர் கழுத்துல ஒண்ணு. நடக்குறவங்களோட அசதி, வலி, குளிரு எல்லாம் கீழ படுத்திருக்குறவனுக்குப் போயிரும். கீழ இருக்குறவனுக்குத் தாங்கின்னு பேரு. கூலிக்குத் தாங்க ஆள் கிடைக்கும். சொந்தக்காரங்களும் தாங்கலாம். கூடவே வாழ்ந்தவங்களுக்குப் பட்டை சீக்கிரம் ஒட்டுமாம்.

"கூலிக்கு ஆள் வச்சுக்கிடுவோம்"னா வடிவு. "உங்களுக்கு நெஞ்சு சரியில்ல."

"எம் பொண்டாட்டி முட்டிவலிய எவனோ ஒருத்தன் தாங்கணுமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"னு குதிச்சேன். அவங்க நிரப்பச் சொன்ன பாரத்துல இருதய நோய் உண்டாங்குற இடத்துல இல்லைன்னு எழுதினேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா, ஒண்ணும் பேசல. நான் குதிச்சா அவ பேசமாட்டா, அது எங்க வீட்டு வழக்கம்.

கும்லிங்னு ஒரு கிராமம். இருவது வீடு இருக்கும். அதுக்கு மேல தாரோ பனியாறு. அடிவாரத்துல தகரக் கூரை போட்ட நீளமான கூடம், ஆறு கட்டிலு, நடுவுல ஒரு கணப்பு. எங்களுக்குப் பட்டை கட்டினது தமயந்தின்னு ஒரு இன்ஜினியர் புள்ள. பொள்ளாச்சிக்காரி. தமிழ்ல பேச ஆள் கிடைச்சதுல அவளுக்கும் சந்தோசம், எங்களுக்கும் சந்தோசம்.

"இது வலியப் போக்கிருமாம்மா?"ன்னு கேட்டேன்.

"வலி எங்கயும் போகாதுங்க சார். வலிக்குதுன்னு தெரியுதில்லீங்களா, அது மட்டுந்தான் அம்மாகிட்ட இருந்து உங்ககிட்ட வரும். இப்ப உங்க வீட்டு அடுப்புல பால் தீயுதுன்னு வைங்க. தீயற வாசம் உங்களுக்கு வராம பக்கத்து வீட்டுக்குப் போகுது. பக்கத்து வீட்டுக்காரருதான் ஓடி வந்து கதவத் தட்டோணும். தட்டலைன்னா பால் அது பாட்டுக்குத் தீஞ்சு பாத்திரமும் போயிருமுங்க."

"அப்ப நான் பக்கத்து வீட்டுக்காரன்."

"ஆமாங்க சார். நீங்க தட்டறதுலதான் எல்லாம் இருக்கு."

"இந்த மிஷினே பாத்துச் சொல்லக் கூடாதா?"

"நாடி, மூச்செல்லாம் மிஷின் பாக்குமுங்க. ஆனா அந்த உசரத்துல எல்லாருக்கும் அது ஏறித்தான் கிடக்கும். எவ்வளவு கஷ்டமா இருக்குதுன்னு அனுபவிக்கறவங்கதான் சொல்லோணும். ஒண்ணுல இருந்து பத்து. அரை மணிக்கு ஒருக்கா அம்மா வாக்கிடாக்கியில கேப்பாங்க. நீங்க சொல்ற நம்பர அம்மா கைடுகிட்ட சொல்லுவாங்க. பத்து ஆச்சுன்னா கைடு நின்ன இடத்துலயே திருப்பிருவாரு, ஒரு அடி விடமாட்டாரு. முன்னயெல்லாம் கைடுக மூஞ்சியப் பாத்து, உதட்டப் பாத்தே சொல்லிருவாங்களாமுங்க. இப்ப பட்டை கட்டினவங்க மூஞ்சியில ஒண்ணும் தெரியறதில்ல. சிரிச்சுக்கிட்டே நடப்பாங்க. அதனால நம்பர்ல மட்டும் பொய் வேண்டாங்க சார்."

"நான் எதுக்கும்மா பொய் சொல்லப் போறேன்?"

நடக்குறவங்களுக்கு வகுப்பு வேற டென்ட்டுல. அரை நாள் இருந்துட்டு வந்தா வடிவு. என்ன சொல்லிக் குடுத்தாவோன்னு கேட்டேன். "ஷூவுல முள்ளுத் தட்டு மாட்டுறதுக்கு"ன்னு சொல்லிட்டுப் பைய அடுக்கினா.

மறுநாள் காலையில ஆறு பேரு கிளம்பினாங்க. ஆளுக்கொரு கைடு. வடிவுக்கு வாய்ச்ச கைடு பேரு ஸ்டான்சின். நாப்பது வயசிருக்கும், அதிகம் பேசமாட்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது. வடிவுக்கு டீச்சர் ஹிந்தி தெரியும், அத வச்சு ஒப்பேத்திக்கிட்டாங்க. போறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து, "முடியலன்னா சொல்லிரணும். என் மேல சத்தியம்"னா. "ஏட்டி போட்டி"ன்னு அனுப்பி விட்டேன்.

மொத நாள் சரளக்கல்லு மேல நடை. நான் கட்டில்ல படுத்துக்கிட்டு தகரக் கூரையப் பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்கு மேலு வலிக்குது. ஒரு அடி எடுத்து வைக்கல, தொட ரெண்டும் கல்லாக் கனக்குது. பொறவு இடது முட்டி ஆரம்பிச்சுது. யம்மாடி! ஊசிய வச்சுக் குத்தி ஒரு திருப்புத் திருப்பின மாதிரி, ஒவ்வொரு அடிக்கும். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தாத் தெரியும்பாவோ. இந்த முட்டிய வச்சுக்கிட்டுதான் முப்பத்தஞ்சு வருஷமா மாடியில எனக்குத் துணி காயப்போட்டு எடுத்துட்டு வந்திருக்கா. "வடிவு, அந்தத் தண்ணியக் கொண்டா"ன்னு உக்காந்த இடத்துல இருந்து எத்தன தடவ ஏவியிருக்கேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. பக்கத்துக் கட்டில்ல புனேக்காரர் ஒருத்தர், மகனுக்காகத் தாங்குறவரு, திரும்பிப் பாத்தாரு. தூசின்னு சைகை காட்டினேன்.

வாக்கிடாக்கி கரகரத்துச்சு. "என்னங்க, எவ்வளவு இருக்கு?"

நாலு இருந்துச்சு. "ரெண்டு"ன்னேன்.

"நெசமாவா? எனக்கு ஒண்ணுமே தெரியலங்க. சின்னப்புள்ள மாதிரி குதிச்சு ஏறுதேன். கால் எங்கிட்ட இருக்கான்னே சந்தேகமா இருக்கு!" சிரிச்சா. அந்தச் சிரிப்ப நான் கல்யாணமான புதுசுல கேட்டது. அதுக்குப் பொறவு எங்க போச்சோ தெரியல.

அந்தச் சிரிப்புக்காக இன்னும் ரெண்டு கூடத் தாங்கலாம்னு நெனச்சேன். அங்ஙனதான் கோணலாச்சு.

ரெண்டாம் நாள் பனிக்கு மேல ஏறிட்டாங்க. குளிரு என் வெரலுக்குள்ள வந்துச்சு. கணப்புக்குப் பக்கத்துல கட்டில இழுத்துப் போட்டாங்க, மூணு கம்பளி போட்டாங்க. வெளியில இருந்து சூடு படுது, உள்ள வெரலு மரத்துக் கிடக்கு. அஞ்சு இருந்துச்சு, ரெண்டரைன்னேன். ஒண்ணு மட்டும் ஆச்சரியம். நெஞ்சு லேசா இருந்துச்சு. மூச்சு வாங்கவே இல்ல. அவ்வளவு உசரத்துல நடக்குறவளுக்கு மூச்சு வாங்கலையேன்னு சந்தோசப்பட்டேன். பள்ளிக்கூடத்துல கத்திக் கத்திப் பாடம் எடுத்தவ, நல்ல நெஞ்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

எதிர்க் கட்டில்ல பத்மான்னு உள்ளூர்க்காரி. பெங்களூருப் பையன் ஒருத்தனுக்குக் கூலிக்குத் தாங்குறா. அவள மாதிரி ஒரு கூப்பாட்டுக்காரிய நான் பாத்ததே இல்ல. அரை மணிக்கொருக்கா அவளோட நம்பர் கூடம் முழுக்கக் கேக்கும். காலு வலிச்சா அவன் வம்சத்தையே திட்டுவா. மூணாம் நாள் காலையில எட்டரை மணிக்கு எந்திரிச்சு உக்காந்து, "பத்து! எறக்கு அவன!"ன்னு கத்தினா. அவன் மேல இருந்து கெஞ்சுதான், இன்னும் கொஞ்ச தூரந்தான் அக்கா, எட்டுன்னு சொல்லுங்கன்னு. "என் ஒடம்பு எனக்குத் தெரியாதா, இது பத்து"ன்னு சொல்லிட்டு வாக்கிடாக்கியக் கட்டில்ல எறிஞ்சா. அவன எறக்கிட்டாங்க. தமயந்தி அவனப் பாக்க மேல ஏறிப் போனா. பத்மா ஒரு கிண்ணம் சூப்ப ஊதி ஊதிக் குடிச்சுட்டு எங்களப் பாத்துச் சிரிச்சா.

நானும் புனேக்காரரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். கூலிக்காரிக்குத் தாங்கத் தெரியலங்குற மாதிரி ஒரு பார்வை. வெக்கங்கெட்ட பார்வை அது.

அன்னைக்குத்தான் வடிவு பனி பிறக்குற இடத்துக்குப் போற நாள். பத்து மணிக்கு எனக்கு ஏழு ஆயிட்டு. பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். ரெண்டு முட்டியும் போச்சு, இடுப்பு போச்சு. பாதத்துல எந்த வெரலும் இருக்குற மாதிரி தெரியல. பதினொண்ணேகாலுக்கு எட்டு. கட்டில் சட்டத்தப் பிடிச்ச கைய என்னால விரிக்க முடியல.

"என்னங்க!" அவ குரல்ல அப்படி ஒரு துள்ளல். "இங்க பாருங்க, முப்பத்தோரு வருஷம் தப்பா வரைஞ்சிருக்கேன்! பனி வெள்ளையே இல்லங்க. நீலம். பொளந்து கிடக்குற இடமெல்லாம் உள்ள நீலமா இருக்கு. ஒரு சாக்பீசு பத்தாது. இன்னும் முக்கா மணி நேரந்தானாம், அந்த முகட்டச் சுத்தினா தெரியுமாம்." மூச்ச இழுத்து விட்டா. "உங்களுக்கு எவ்வளவு இருக்கு? நெசத்தச் சொல்லுங்க. என்னால திரும்பி வர முடியும், எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

வருத்தமில்லையாம். அவ வருத்தமில்லன்னு சொன்னா எவ்வளவு வருத்தம்னு எனக்குத் தெரியாதா?

நான் கணக்குப் போட்டேன். எட்டு. பத்து ஆனாத்தான் திரும்பணும். இன்னும் ரெண்டு இருக்கு, முக்கா மணி நேரம். எட்டுன்னு சொன்னா ஸ்டான்சின் ஒண்ணும் திருப்பமாட்டான். ஆனா இவ திரும்பிருவா. எனக்கு எட்டு வலிக்குதுன்னு தெரிஞ்சா ஒரு அடி வைக்கமாட்டா. நான்தான தாங்குறேன், எனக்குத் தெரியாதா எப்ப நிறுத்தணும்னு? ஒம்பது ஆகட்டும், கதவத் தட்டிக்கிடலாம்.

"மூணு"ன்னேன்.

"மூணுதான?"

"மூணுதாம்ட்டி. கல்லு மாதிரி இருக்கேன். போயிப் பாத்துட்டு வா."

அதுக்குப் பொறவு அவ ஹிந்தியில ஸ்டான்சின்கிட்ட ஏதோ சொன்னது கேட்டுச்சு. அவன் திருப்பி ஏதோ கேட்டான், அவ சொன்னா. வாக்கிடாக்கி நின்னுட்டு. அந்த நேரம் கூடத்துல தமிழ் தெரிஞ்ச ஆளுன்னு யாரும் இல்ல. தமயந்தி இன்னும் எறங்கி வரல.

பதினொண்ணு நாப்பது இருக்கும். வலி சட்டுனு நின்னுட்டு. கொறையல, நின்னுட்டு. முட்டி, இடுப்பு, வெரலு எல்லாம் ஒரே நிமிசத்துல எனக்குத் திரும்பி வந்துச்சு. கணப்போட சூடு கால்ல பட்டுச்சு. முகட்டச் சுத்திட்டா, பாத்துட்டா, எங்கயோ ஜம்முனு உக்காந்துட்டா போலன்னு நெனச்சேன். "அப்பாடா"ன்னு வாய்விட்டுச் சொன்னேன். மூணு நாளா உறங்காத கண்ணு, அப்படியே சொக்கிட்டு.

அவ செத்த நேரம் அது. நான் அப்பாடான்னு சொல்லி உறங்கிட்டேன். இதுக்கு என்ன பரிகாரம் இருக்குன்னு எந்தக் கோயில்ல போயிக் கேக்க?

தமயந்தி வந்து உலுக்கித்தான் எழுப்பினா. அவ மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுட்டு. முகட்டுக்கு நூறு அடி இருக்கையில வடிவு சிரிச்சுக்கிட்டே உக்காந்தாளாம். ஒரு நிமிசம்னு வெரலக் காட்டினாளாம். ஸ்டான்சின் தண்ணி எடுக்கத் திரும்பியிருக்கான். அவ்வளவுதான். அரை மணி நேரம் நெஞ்ச அமுக்கிப் பாத்திருக்கான், வாயில ஊதிப் பாத்திருக்கான். பனி பிறக்குற இடத்த அவ பாக்கல.

மறுநாள் மத்தியானம் சறுக்குப் பலகையில வச்சு எறக்கிக் கொண்டாந்தாங்க. ஸ்டான்சின் உதட்டுல குளிர்ல வெடிச்ச ரத்தம். என் காலத் தொட்டுக் கும்பிட்டுட்டு அழுதான். அவன் எதுக்கு அழணும்? நான் அவ மூஞ்சிய மட்டும் பாத்தேன். போர்வைய வெலக்கிக் கை காலக் காட்டவான்னு கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் தமயந்தி ஒரு நோட்டோட வந்து எதிர்க்க உக்காந்தா. அழுது அழுது மூக்கு செவந்திருந்துச்சு.

"மன்னிச்சுக்கோங்க சார். இத நான் எழுதியாகோணும். கடைசியா அம்மா கேட்டப்ப நீங்க என்ன நம்பருங்க சொன்னீங்க?"

நான் நெசத்தச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சத்தியமாச் சொல்லுதேன். ஆனா அவ பேனாவத் தாள்ல வச்சுட்டுக் காத்திருக்கா. அந்தத் தாள்ல மூணுன்னு விழுந்தா, எம் பொண்டாட்டிய நானே கொன்னேன்னு விழுந்த மாதிரி. நாளைக்கு மக படிப்பா.

"எட்டு"ன்னேன்.

அவ தலைய நிமித்தி என்னப் பாத்தா. "எட்டுங்களா?"

"எட்டுன்னுதான் சொன்னேன்."

"ஸ்டான்சின்கிட்ட அம்மா மூணுன்னு சொல்லியிருக்காங்க சார். அவரு நோட்டுல இருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்ய? நான் சொன்னது எட்டு."

அவ ஸ்டான்சின் நோட்ட இன்னொருக்கா பொரட்டிப் பாத்தா. பொறவு எழுதினா. எழுதி முடிச்சுட்டு மெதுவாச் சொன்னா.

"இன்னொண்ணு சொல்லோணும் சார். நடக்கறவங்க பட்டையில ரெண்டு குமிழ் இருக்குங்க. ஒண்ணு கை காலுக்கு, ஒண்ணு நெஞ்சுக்கு. எதையாச்சும் தாங்கிக்கு அனுப்ப வேண்டாம், நானே வச்சுக்கறேன்னா, அந்தக் குமிழ மூடிக்கலாம். அவங்க வகுப்புல மட்டும் சொல்லிக் குடுப்போம். தாங்கிகளுக்குச் சொல்றதில்ல, சண்டைக்கு வருவாங்கன்னு. யாரும் மூடறதுமில்ல, எல்லாத்தையும் தள்ளி விடத்தான வர்றாங்க. அம்மா நெஞ்சுக் குமிழ மொத நாள்ல இருந்தே மூடி வச்சிருந்திருக்காங்க."

பட்டை இருந்த என் கழுத்தத் தொட்டுப் பாத்தேன்.

"மூச்சு முட்டறது, நெஞ்சு இறுக்கறது எதுவுமே உங்ககிட்ட வரல. அம்மாவே வச்சிருந்திருக்காங்க. ஏன்னு ஸ்டான்சின் கேட்டதுக்கு, எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு பலகீனம், யார்கிட்டயும் சொல்லிராதீங்கன்னாங்களாம். அப்படி வச்சுக்கிட்டா ரெண்டு பேரு நம்பரையும் கூட்டிப் பத்து பாக்கோணும் சார். கடைசிக் கணக்கு இது, பாருங்க." ஸ்டான்சின் நோட்டக் காட்டினா. கோணக் கையெழுத்துல இருந்துச்சு. நெஞ்சு ஆறு. கால் மூணு. மொத்தம் ஒம்பது. போகலாம்.

ஆறும் எட்டும் பதினாலு. எட்டாங்கிளாஸ் புள்ள கூடச் சொல்லிரும்.

"அவங்க நெஞ்சும் உங்ககிட்டயே வந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சா தமயந்தி.

"நான் கத்தியிருப்பேன்"னேன். கத்தித்தான் இருப்பேன். பதினால எவனாலயும் மறைக்க முடியாது, நானா இருந்தாலும். எட்டுங்குறதாலதான் மறைச்சேன். அவளும் ஆறுங்குறதாலதான் சிரிச்சுக்கிட்டே நடந்தா. அவ மறைச்சது மட்டும்னா உசுரு போயிருக்காது, நான் நெசத்தச் சொன்னா பதினாலுன்னு திருப்பியிருப்பாங்க. நான் மறைச்சது மட்டும்னாலும் போயிருக்காது. முப்பத்தஞ்சு வருஷமா ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லியே குடும்பம் நடத்தினோம். அங்கயும் போயி அதையே சொன்னோம்.

"கூலிக்குத் தாங்கறவங்களால யாரும் சாகறதில்ல சார்"னா அவ, நோட்ட மூடிக்கிட்டே. "இது நான் பாக்கறது நாலாவது. நாலும் சொந்தக்காரங்க." அதோட நிறுத்தாம, "அம்மா ஏன் உங்க நம்பர மாத்திச் சொன்னாங்கன்னுதான் புரியலைங்க. டீச்சருங்கறீங்க"ன்னா.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். தாள் அங்கயே இருந்துச்சு, பேனாவும் இருந்துச்சு. அவ எனக்காக நெஞ்ச மூடி வச்சிருந்தான்னு தெரிஞ்ச பொறவாவது சொல்லியிருக்கணும்.

பாளையங்கோட்டைக்குக் கொண்டு வந்து எரிச்சோம். கூட்டம் தெரு கொள்ளல, எல்லாம் அவகிட்டப் படிச்ச புள்ளைக. பதினாறு முடிஞ்ச மூணாம் நாள் அறிக்கை வந்துச்சு. லோசனி, எங்க மக, ஒரே மக, நடுவீட்டுல உக்காந்து சத்தமாப் படிச்சா. தாங்கி எட்டு என்று தெரிவித்தும் நடந்தவர் வழிகாட்டியிடம் மூன்று என்று குறைத்துக் கூறியதே மரணத்துக்குக் காரணம். அந்த வரிய ரெண்டு தடவ படிச்சா. நெஞ்சுக் குமிழப் பத்தி அதுல ஒண்ணுமில்ல, நானும் சொல்லல.

அப்ப வீட்டுல வடிவோட பழைய மாணவி ஒருத்தி இருந்தா. அமலோற்பவம்னு பேரு, இப்ப அவளும் டீச்சர்தான். "எங்க டீச்சரா?"ன்னு கேட்டா. "முப்பத்தி நாலு வாங்கினா முப்பத்தஞ்சுன்னு கூடப் போடமாட்டாங்க சார். அழுதாலும் போடமாட்டாங்க. நம்பர மாத்துறவங்க இல்லையே அவங்க."

அவ கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிட்டா.

லோசனிக்கு மூஞ்சி எல்லாம் செவந்து போச்சு. "ஒரு ஐசுக்கட்டியப் பாக்குறதுக்கு! உங்களுக்கு அங்க எட்டு வலிக்குதுன்னு தெரிஞ்சும் நடந்திருக்கா. நீங்க செத்தாலும் பரவாயில்லன்னு நடந்திருக்கா. இவளா எங்கம்மா? நான் இவள மன்னிக்கவே மாட்டேன்பா." வடிவு போட்டோவுக்கு அன்னைக்குப் போட வச்சிருந்த பூவ எடுத்துப் பொட்டலத்துலயே திரும்பச் சுருட்டினா. பொறவு என்னப் பாத்தா. அமலோற்பவம் சொன்னது அவளுக்குள்ள எங்கயோ கிடந்து குடைஞ்சிருக்கணும்.

"அப்பா, எட்டுன்னு சொன்னது உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்குல்ல?"

"நல்லா ஞாபகம் இருக்கும்மா"ன்னேன்.

அவ தலைய ஆட்டிட்டு, கண்ணத் துடைச்சுக்கிட்டு, எனக்குக் காப்பி போட உள்ள போனா.